குற்றாலத்து மேடைக்கு ஒரு விண்ணப்பம்

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் வேளையில், ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசிச் சீமைக்கு வெயிலையும் மழையையும் ஒரே நாழிகைக்குள் மாறி மாறிக் காட்டத் தொடங்கியதும், அருவிகளில் நீராட வரும் ஜனங்களை உத்தேசித்துச் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து குற்றாலத்தில் நடத்துகிற சாரல் விழாவின் நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்ப்பதே ஒரு தனி இன்பம். கலைவாணர் கலையரங்கத்தில் பரதநாட்டியம், கரகாட்டம், நையாண்டி மேளம், பட்டிமன்றம், மெல்லிசை. ஐந்தருவிச் சுற்றுச்சூழல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. படகுக் குழாமில் படகுப் போட்டி. இவை போதாவென்று கோலப் போட்டி, சமையல் போட்டி, நாய்க் கண்காட்சி, கொழுகொழு குழந்தைகளுக்கான போட்டி என்று, ஒரு குடும்பத்தில் பாட்டி முதல் பேரன் வரை ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற கருணையோடு தயாரித்தது போலவே அந்த நிரல் அமைந்திருக்கும்.

இந்தப் பன்மையைக் கண்டு இரண்டு தரப்பினர் குறை கூறுவது வழக்கம். சாஸ்திரீய சங்கீதத்தில் தோய்ந்த பெரியோர்கள், நாயும் குழந்தையும் பரதமும் ஒரே விளம்பரத்தாளில் இடம்பெறுவது கலைக்கு நேர்ந்த அபசாரம் என்று வருந்துகிறார்கள். மற்றொரு சாரார், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவனுக்கு வேண்டியது சினிமாப் பாட்டே அன்றி வேறில்லை, மற்றவையெல்லாம் அரசாங்கத்தின் கடமைக்காக ஓட்டப்படும் சடங்குகள் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். முதல் தரப்பார் பன்மையை வெறுக்கிறார்கள். இரண்டாம் தரப்பார் பன்மையை நம்புவதில்லை. இரண்டு அபிப்பிராயங்களையும் ஒதுக்கிவிட்டு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: சாரல் விழாவின் பலவகைத்தன்மை அதன் குறையன்று, அதன் உயிர்நாடியே ஆகும், ஆனால் எந்தக் கலைக்கு எந்த வேளையில் எவ்வளவு நேரம் தருவது என்பதை யோசியாமல் அடுக்கப்படும் பன்மை வெறும் பட்டியலாக நின்றுவிடும், விழா ஆகாது.

பருவகாலத்தில் விருந்தினர் வந்து தங்கும் சிற்றூர் ஒன்று ஆண்டுதோறும் இசைவிழா நடத்துவது உலகில் நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில், கோடைக்காலத்தில் செல்வந்தர்கள் கடற்காற்று வாங்கப் போகும் நியூபோர்ட் என்ற ஊரில், ஜார்ஜ் வெய்ன் என்பவர் 1954-ஆம் ஆண்டு ஜாஸ் விழா ஒன்றைத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், கறுப்பின மக்களிடையே தேவாலயப் பாட்டும், உழைத்துக் களைத்தவர்களின் சோகப் பாட்டும், பித்தளை வாத்தியங்களின் ஊர்வல இசையும் கலந்து உருவான சங்கீதமே ஜாஸ். எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதைக் காட்டிலும் அந்தந்த வேளையில் கற்பனை செய்து வாசிப்பதற்கே அதில் ஏற்றம் என்பதால், நம் வித்வான்களின் மனோதர்மத்தை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு தூரத்து விருந்தாளியும் அல்ல. 1958-ஆம் ஆண்டு நியூபோர்ட் மேடையில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதுகொம்போடு, தேவாலயப் பாடகியான மஹாலியா ஜாக்ஸனுக்கும், ராக் அண்ட் ரோல் பாடகரான சக் பெரிக்கும் இடம் தரப்பட்டபோது, தூய ஜாஸின் காவலர்கள் முகம் சுளித்தார்கள். ஆயினும் விழாவின் பெயரை உலகெங்கும் பரப்பியவற்றுள் அந்த ஆண்டின் நிரலும் ஒன்று.

அதே விழா பிற்காலத்தில் கற்பித்த பாடமும் நாம் அறியத்தக்கதே. 1969-இல் ஜாஸோடு அக்காலத்து ராக் குழுக்கள் பலவற்றையும் சேர்த்து அழைத்தபோது, இடம் கொள்ளாத அளவுக்குக் கூட்டம் திரண்டது. 1971-இல் அனுமதிச்சீட்டில்லாத இளைஞர் கூட்டம் வேலியைத் தகர்த்து உள்ளே புகுந்ததால், விழா நடுவிலேயே நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு நியூயார்க் நகரத்துக்கே குடிபெயர்ந்து, 1981-இல்தான் சொந்த ஊருக்குத் திரும்பியது. பல வகைகளைக் கலந்ததனால் அந்த ஆபத்து வந்ததென்று கொள்வது சரியாகாது. 1958-இல் கலந்தவர்களும் அதே விழாக்காரர்களே அல்லவா? கூட்டத்தின் அளவையே வெற்றியின் அளவாகக் கொள்ளும் விழா ஒருநாள் அந்தக் கூட்டத்துக்கே இரையாகிவிடும் என்பதுதான் அதன் தாத்பரியம். சுவிட்ஸர்லாந்தில், ஏரிக்கரை ஊரான மோன்த்ரோவில், 1967-இல் ஜாஸ் விழாவைத் தொடங்கி வைத்த க்ளோட் நோப்ஸ் அவ்வூர்ச் சுற்றுலா அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பதை நம் சுற்றுலாத் துறை அதிகாரிகள் குறிப்பாக அறிந்துகொள்ள வேண்டும். ஊருக்கு விருந்தினரை வரவழைக்கும் உத்தியோகத்தில் இருந்த ஒருவருடைய ரசனையும் பிடிவாதமும் அந்தச் சிற்றூரை உலக சங்கீதத்தின் முகவரிகளுள் ஒன்றாக ஆக்கிவிட்டன.

பன்மை என்பதை நாம் மேல்நாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை என்பதற்குக் குற்றாலத்திலேயே தக்க சாட்சி இருக்கிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீதியுலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல்கொண்ட வசந்தவல்லியின் விரகத்துக்கு ஒரு நடை. தன் மலைவளத்தைப் பெருமையோடு எடுத்துரைத்துக் கைபார்த்துக் குறி சொல்லும் குறத்திக்கு வேறொரு நடை. பறவை பிடிக்க வந்த இடத்தில் தன் சிங்கியைத் தேடி அலையும் சிங்கனுக்கும் அவன் தோழன் நூவனுக்கும், கேட்டவர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி மற்றொரு நடை. விருத்தமும் சிந்தும் கண்ணியும் கீர்த்தனையும், உயர்குலப் பெண்ணின் பெருமூச்சும் குறவனின் பரிகாசமும், ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே இரவில் அரங்கேறும்படி அந்தப் புலவர் அமைத்திருக்கிறார். அதற்காக மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு அளித்த நிலம் இன்றும் குறவஞ்சி மேடு என்று வழங்குகிறது. இந்த நாடகத்தை 1940-களில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக ஆக்கிச் சென்னை ரசிகர்கள் முன் வைத்தார்.

குறவஞ்சியின் வெற்றிக்குக் காரணம் எல்லாவற்றையும் சேர்த்தது மட்டுமன்று. குறத்தி பேசத் தொடங்கினால் அவள் பேசி முடிக்கும் வரையில் கவிராயர் அவளைத் தடுப்பதில்லை. தலைவிக்கு உரிய நேரமும் குறத்திக்கு உரிய நேரமும் சமமாகவே அளக்கப்பட்டிருக்கின்றன. நம் காலத்து அரசு விழாக்களில் காணாமற் போயிருப்பது இந்த நியாயம்தான். பிரமுகர்கள் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் நையாண்டி மேளம் முழங்கும். அவர்கள் உள்ளே நுழைந்ததும் மேளக்காரர் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை முடிந்தபின், மிச்சமுள்ள நேரத்தைக் கிராமியக் கலைகள் ஆளுக்குச் சில நிமிஷங்களாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஜனங்கள் நிறைந்திருக்கும் நல்ல வேளை மெல்லிசைக்கு ஒதுக்கப்பட்டுவிடும். எந்த ஒரு ஊரையும் எந்த ஒரு ஆண்டையும் குறித்து இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் விழாப் பார்க்கும் பழக்கமுள்ள எவரும் அறிந்த பொதுவழக்கம் இது.

சில நிமிஷங்களில் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள், கணியான் கூத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். நெல்லை, தென்காசிப் பிரதேசங்களில் சுடலைமாடன் கோயில் கொடைகளில் இரவு முழுவதும் நடக்கும் அந்தக் கூத்தில், அண்ணாவி கதை பாட, பெண்வேடமிட்ட இருவர் சலங்கை கட்டி ஆட, மகுடம் என்ற வட்டப்பறை இரண்டை இருவர் முழக்குவார்கள். ஒன்று மந்தம், மற்றொன்று உச்சம். இரண்டும் மரச்சட்டத்தில் தோல் போர்த்தியவை. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து நாதம் அமுங்கிப்போகும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் ஓரமாகத் தீ மூட்டி, அதன் வெக்கையில் மகுடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, தோல் விறைத்து மணிபோல் ஒலிக்கும் பதம் வந்த பிறகே கலைஞர் எழுந்து நிற்பார். சாரல் அடிக்கும் குற்றாலத்து மாலையில் இந்தப் பதம் வருவதற்கும் அதிக நேரமாகும், வந்த பதம் நழுவுவதற்கும் அதிக நேரமாகாது. தீ மூட்ட ஓர் இடமும் இல்லாமல், அவகாசமும் இல்லாமல், பெயர் கூப்பிட்டவுடன் மேடையேறிப் பத்து நிமிஷத்தில் இறங்க வேண்டுமென்றால், ஜனங்கள் கேட்பது மகுடத்தின் நாதத்தை அல்ல, நனைந்த தோலின் முனகலைத்தான். அதைக் கேட்டுவிட்டு, இந்தக் கலையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் எழுந்து போனால், குற்றம் கலைஞருடையதா, கேட்டவருடையதா, நிரல் போட்டவருடையதா?

வில்லுப்பாட்டின் கதியும் ஏறக்குறைய இதுவே. குடத்தின் கழுத்தில் வில்லைப் பிணைத்து, புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்ட, வில்லில் கோத்த மணிகள் குலுங்க, உடுக்கும் தாளமும் கட்டையும் கூடி வர, பின்பாட்டுக்காரர் ஆமாம் போட்டுக் கதையை நகர்த்தும் அந்தக் கலையில், காப்பும் வருபொருளும் பாடி முடித்துக் கதைக்குள் நுழைவதற்கே கால்மணி நேரம் வேண்டும். கேட்பவர் மனம் கதையில் ஊன்றத் தொடங்குகிற கட்டத்தில் நேரம் முடிந்தது என்று சீட்டு நீட்டுவது, வில்லுப்பாட்டை நடத்தாமலே இருப்பதைவிட அதிகத் தீங்கு செய்யும். சாரல் விழா நடக்கும் அரங்கம் யாருடைய பெயரால் விளங்குகிறது? நாஞ்சில் நாட்டு மண்ணில் பிறந்து, வில்லுப்பாட்டிலே கலைப்பயிற்சி பெற்று, பின் தமிழகத்தையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுடைய பெயரால் அல்லவா? நெல்லைச் சீமைச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ஆளாக்கியவரும் அவரே. அந்தச் சுப்பு ஆறுமுகம் தம் முதுமையில் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். கலைவாணர் பெயர் தாங்கிய மேடையில் வில்லுப்பாட்டுக்கு முழு மாலை ஒன்று கிடையாதென்றால், பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசுவதில் பயனென்ன?

இந்தப் பிரதேசத்தின் இசைச்செல்வம் இவ்விரண்டோடு முடிந்துவிடவில்லை. சங்கரன்கோயிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்து, கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடி, முப்பது வயதுக்குள்ளேயே மறைந்துபோன அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகள், காவடி தூக்கும் பாமரர் வாயிலும் கச்சேரி வித்வான் வாயிலும் ஒருங்கே வாழ்கின்றன. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களை அவருடைய நினைவு நாளில் இரவெல்லாம் கூடிப் பாடுவது இன்றும் தொடர்ந்து வருகிறது. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்ற அதே வடிவத்தைக் கையாண்டு பெத்லகேம் குறவஞ்சியை இயற்றி, அதைக் கிறிஸ்தவத் தமிழர்களின் சொத்தாக்கினார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற மூன்று வாசல்களிலிருந்தும் இந்த மண்ணில் தமிழ்ப்பாட்டு புறப்பட்டிருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்த மூன்று மாலைகளில் ஒரே மேடைக்கு அழைத்துவர நம்மைத் தடுப்பவர் யார்?

இவ்விடத்தில், குற்றாலத்தைத் தம் இல்லமாக்கிக்கொண்டு 1954-இல் மறையும் வரை அங்கே வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினையாமல் மேற்செல்வது முறையாகாது. நெல்லையில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் வழக்கறிஞரையும் வியாபாரியையும் கல்லூரி மாணவரையும் ஒருங்கே உட்காரவைத்துக் கம்பனைச் சுவைக்கச் செய்தவர் அவர்; தமிழிசை இயக்கத்தில் முன்னின்று, கேட்கிறவனுக்கு விளங்கும் மொழியில் பாடினால்தான் பாட்டு இதயத்தைத் தொடும் என்று வாதாடியவர் அவர். கல்கியும் ராஜாஜியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்ததற்கு அருவி மட்டும் காரணமன்று. ரசனை என்பது படித்தவர்களின் தனிச்சொத்து அல்ல, எடுத்துக் காட்டுகிறவன் சரியாக எடுத்துக் காட்டினால் எவனும் சுவைப்பான் என்ற அவருடைய வாழ்நாள் நம்பிக்கையைத்தான், ஜனங்களுக்கு வேண்டியது சினிமாப் பாட்டு மட்டுமே என்று முடிவுகட்டுகிற நம் காலத்தவர் மறந்துவிட்டார்கள்.

சினிமாப் பாட்டின் மீது நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. நல்ல மெல்லிசைக் குழு ஒன்று பழைய பாட்டொன்றைத் தொடங்கியதும் பின்வரிசையில் இருக்கும் தாத்தா தம்மையறியாமல் தாளம் போடுவதை ரசியாதவன் இசையை ரசிக்கத் தகுதியற்றவன். ஆனால் சினிமாப் பாட்டு இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைப்பேசியில் கேட்ட நேரத்தில் கிடைக்கிறது; பேருந்திலும் தேநீர்க்கடையிலும் கேளாமலே கிடைக்கிறது. மதுரையிலிருந்தோ கொல்லத்திலிருந்தோ பிள்ளைகுட்டிகளோடு வந்து அறை எடுத்துத் தங்குகிற குடும்பத்துக்கு, தன் ஊரில் கிடைக்காத ஒன்றைக் கொடுப்பதே விருந்தோம்பல். குற்றாலத்துக்கு வந்தவர்க்கு அருவியும் மங்குஸ்தானும் எப்படி இந்த இடத்தின் விசேஷமோ, அப்படியே மகுடமும் வில்லும் சிந்தும் இந்த இடத்தின் விசேஷமாக வேண்டும்.

சுற்றுலாத் துறையின் முன் நாம் வைக்கும் விண்ணப்பங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, விழா நடக்கும் ஒவ்வொரு நாளும், இரவு ஏழு மணி என்ற முக்கியமான வேளையில், இந்த மண்ணின் கலை ஒன்றுக்கு ஒரு மணி நேரம் குறையாமல் ஒதுக்க வேண்டும். உரைகளை அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிசை அதன்பின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கட்டும், காத்திருக்கும் ஜனங்கள் அதற்குள் மற்றொரு சுவையையும் அறிந்திருப்பார்கள். இரண்டாவது, அரங்கத்தின் பின்புறம் மழை படாத கூரையின் கீழ், தோல்வாத்தியங்களைக் காய்ச்சிக்கொள்ளத் தீக்கு வகைசெய்த ஓர் இடம் வேண்டும். மூன்றாவது, அச்சிடும் நிரலில் "கிராமியக் கலை நிகழ்ச்சி" என்று பொதுப்படப் போடாமல், பரதத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் செய்வது போலவே, அண்ணாவியின் பெயரையும், மகுடம் வாசிப்பவரின் பெயரையும், அவர்கள் ஊரையும் போட வேண்டும். சம்பாவனையை மேடை இறங்கிய அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும்.

நான்காவது விண்ணப்பம் அருவியைச் சார்ந்தது. மலையில் மழை பலத்துப் பேரருவியில் வெள்ளம் வளைவைத் தாண்டி விழும் நாட்களில், பாதுகாப்புக் கருதிக் குளிக்கத் தடை விதிப்பார்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் செய்வதறியாது கடைவீதியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பகல் நிகழ்ச்சிகள் சிலவற்றை எப்போதும் தயாராக வைத்திருந்து, தடை அறிவித்தவுடன் கலையரங்கத்தில் தொடங்கிவிட்டால், ஏமாற்றத்தோடு ஊர் திரும்ப வேண்டியவர்கள் ஒரு தோற்பாவைக் கூத்தையோ வில்லுப்பாட்டையோ பிள்ளைகளுக்குக் காட்டிய திருப்தியோடு திரும்புவார்கள்.

ஐந்தாவதாக, அந்நியருக்கும் ஒரு மாலை வேண்டும். குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்த ஊர். பருவகாலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் கணிசமானோர் மலைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளிகள். அவர்களுடைய செண்டையையும் பஞ்சவாத்தியத்தையும் அழைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. இன்னும் ஒருபடி மேலே போய், 1978-இல் பம்பாயில் தொடங்கிய ஜாஸ் யாத்திரை விழா மூலம் இந்தியாவுக்கு நன்கு அறிமுகமான அந்த மேல்நாட்டு இசையின் கலைஞர்களை, கோவாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு மாலைக்கு வரவழைத்தாலும் பாதகமில்லை. தவில்காரர் ஒருவர் மேடையோரம் நின்று அவர்களுடைய முரசுக்காரர் கணக்குப் போடுவதைக் கவனிக்கட்டும். அவரும் நம்மவர் கணக்கைக் கவனிக்கட்டும். ஆனால் வீட்டுக்காரர் வாசலில் நிற்க விருந்தாளி மட்டும் நடுவீட்டில் அமர்வது எந்த ஊர் முறையுமன்று. ஆகையால்தான் இந்த விண்ணப்பத்தைக் கடைசியில் வைத்தோம்.

இவற்றால் நாய்க் கண்காட்சியும் குழந்தைப் போட்டியும் தள்ளுபடியாகிவிடுமோ என்று ஒருவரும் அஞ்ச வேண்டாம். நம் கோயில் திருவிழாக்களில் தேரும் ராட்டினமும், தேவாரமும் பலூன்காரனும் என்றைக்கும் கூடியே இருந்திருக்கின்றன; ராட்டினம் சுற்றியதால் தேர் ஓடாமல் நின்றதில்லை. தேருக்குரிய வீதியைத் தேருக்கு விட்டுவைத்தார்கள் என்பதே நம் முன்னோர்களின் சாமர்த்தியம்.

2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த தென்காசிக்கு, தன் முகம் எது என்று வெளியூராருக்குக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை முன்னைவிட இப்போது அதிகம். அதற்குச் சாரல் விழாவைக் காட்டிலும் ஏற்ற சந்தர்ப்பம் வேறில்லை. கணியான் கூத்துக் கலைஞர் குடும்பத்தில் பிறந்த ஒரு பையன் அப்பாவின் மகுடத்தைக் கையில் எடுப்பதா, அல்லது திருப்பூர் பஸ்ஸில் ஏறுவதா என்று தீர்மானிக்கும் வயதில், தன் தந்தையின் பெயர் அச்சான நிரலும், அவர் வாசித்து முடிக்கும் வரை எழாமல் உட்கார்ந்திருந்த ஒரு சபையும், அன்றிரவே கைக்கு வந்த நியாயமான சம்பாவனையும் அவன் தீர்மானத்தை மாற்றக்கூடியவை. இந்தக் கலைகள் வாழ வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. அடுத்த ஆனி மாதத்தில் நிரல் தயாரிக்கும் குழுவினர் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி எழுதிவிட்டால், அந்தப் பேச்சுக்கு அவசியமே இராது.